மாமியாரும் மருமகளும் காத்த மணிமுடி

நம் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு படித்தவர்கள் யாரும் மகா ஓட்டோவை மறந்திருக்க மாட்டார்கள். 962 பிப்ரவரி 2-ஆம் நாள் ரோமில் முடிசூட்டிக்கொண்ட ஜெர்மானியப் பேரரசர். தேர்வில் தவறாமல் வந்து நிற்பவர். அதே நாளில், போப் பன்னிரண்டாம் ஜான் முன்னிலையில், அவருடைய மனைவி அடல்ஹைடும் பேரரசியாக முடிசூட்டப்பட்டார். அந்த அம்மையாரைப் பற்றி எந்த வினாத்தாளிலும் ஒரு கேள்வி வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறையை இந்த மலரிலாவது தீர்த்துக்கொள்கிறேன்.

அடல்ஹைட் சுமார் 931-ல் பிறந்தவர். தந்தை பர்கண்டி மன்னர் இரண்டாம் ருடால்ஃப், தாய் பெர்த்தா. 937-ல் தந்தை இறந்தார். உடனே இத்தாலி மன்னர் ஹியூ வந்து விதவை பெர்த்தாவைத் தாம் மணந்துகொண்டு, ஆறு வயதுச் சிறுமி அடல்ஹைடைத் தம் மகன் லோத்தாருக்கு நிச்சயம் செய்தார். ஆக, தாயின் இரண்டாம் கணவரே மாமனார்! பர்கண்டி மேல் வைத்த கண்தான் இந்த இரட்டைச் சம்பந்தத்துக்குக் காரணம் என்று சொல்லவும் வேண்டுமா?

947-ல் கல்யாணம். 950-ல் லோத்தார் இறந்துபோனார். எம்மா என்ற கைக்குழந்தையோடு பத்தொன்பது வயதில் விதவையானார் அடல்ஹைட். அன்றைய இத்தாலியில் அரசனின் விதவையை மணப்பவனுக்கு ஆட்சியின் மேல் ஓர் உரிமை ஒட்டிக்கொள்ளும். புதிதாக முடிசூடிய பெரெங்கார் விடுவாரா? 951-ல் அவரைப் பிடித்துச் சிறை வைத்தார். நான்கு மாதம் கழித்து அடல்ஹைட் தப்பிவிட்டார். அதே ஆண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த ஓட்டோ, பாவியா நகரில் அவரை மணந்தார். ஓட்டோவின் முதல் மனைவி எடித் 946-லேயே காலமாகியிருந்தார்.

புது மனைவி வந்ததும் வீட்டில் புகைச்சல். எடித்தின் மகன் லியுடால்ஃப், சிற்றன்னைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அரியணை போய்விடுமோ என்று பயந்து 953-ல் தந்தை மீதே படை திரட்டினார். அடுத்த ஆண்டு பணிந்தார். 957-ல் இத்தாலியில் இறந்தார். அவர் பயந்தபடியே, 955-ல் பிறந்த அடல்ஹைடின் மகன் இரண்டாம் ஓட்டோ பட்டத்துக்கு வந்தார்.

இனிமேல் உறவுமுறையைக் கொஞ்சம் கவனமாகப் பின்தொடர வேண்டும். இங்கேதான் நம் தமிழ் கைகொடுக்கும். அடல்ஹைடுக்கு இரண்டு மருமகள்கள். ஒருவர் மகன் மனைவி தியோபானு. பைசாந்தியப் பேரரசரின் உறவுப்பெண். 972-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கல்யாணமாகி வந்தவர். இன்னொருவர் அண்ணன் கான்ராடின் மகள் கிசெலா. நம்ம முறைப்படி அவரும் மருமகள்தானே? இந்தக் கிசெலாவை மணந்தவர் பவேரியாவின் ஹென்றி. அவரோ ஓட்டோவின் தம்பி மகன். பிற்காலத்தார் அவருக்குச் ‘சண்டைக்காரர்’ என்றே பட்டம் கட்டிவிட்டார்கள்.

பட்டத்துக்கு ஏற்றபடி ஹென்றி இரண்டாம் ஓட்டோவை எதிர்த்துக் கலகம் செய்து சிறைப்பட்டார். இதில் அடல்ஹைடின் மனம் ஹென்றி குடும்பத்தின் பக்கம் சாய்ந்தது. மகனோடு மனஸ்தாபம் முற்றி அண்ணன் நாடான பர்கண்டிக்கே போய்விட்டார். 980 டிசம்பரில் பாவியாவில்தான் தாயும் மகனும் சமாதானமானார்கள். மூன்றே வருஷம். 983 டிசம்பர் 7-ஆம் நாள், இருபத்தெட்டு வயதில் மகன் ரோமில் இறந்தார்.

அந்தச் செய்தி போய்ச் சேருமுன், கிறிஸ்துமஸ் நாளில் ஆகென் நகரில் மூன்று வயது மூன்றாம் ஓட்டோவுக்கு முடிசூட்டிவிட்டார்கள். தாயும் பாட்டியும் அத்தை மத்தில்டாவும் ஆல்ப்ஸுக்குத் தெற்கே இத்தாலியில். சிறையிலிருந்து விடுபட்ட ஹென்றி, தாமே நெருங்கிய பங்காளி, பாதுகாவலர் என்று சொல்லிக் குழந்தையைக் கைப்பற்றினார். 984 ஈஸ்டரில் குவெட்லின்பர்கில் அவருடைய ஆட்கள் அவரையே மன்னர் என்று கூவினார்கள். அது மத்தில்டா தலைவியாக இருந்த மடம் உள்ள ஊர்!

பாட்டி யார் பக்கம் நிற்பார்? இதுதான் அன்றைய கேள்வி. ஒரு மருமகளின் மகன் பேரன். இன்னொரு மருமகளின் கணவன் அந்தப் பேரனைப் பிடித்து வைத்திருப்பவன். தியோபானுவுக்கும் அடல்ஹைடுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது என்பதை அடல்ஹைடைப் போற்றி எழுதிய க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோவே காட்டியிருக்கிறார். ஆனாலும் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வடக்கே வந்தார்கள். மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் பிரபுக்களைத் திரட்டினார். 984 ஜூன் 29-ஆம் நாள், ராரா என்று பழைய ஏடுகள் குறிக்கும் இடத்தில், ஹென்றி குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார். அடல்ஹைடின் அண்ணன் கான்ராடும் அந்தச் சபையில் இருந்தார். ஹென்றிக்கு மாமனார், குழந்தைக்குப் பாட்டியின் அண்ணன்! அடுத்த ஆண்டே ஹென்றிக்குப் பவேரியா திரும்பக் கிடைத்தது. அதோடு அவருடைய கலகமும் ஓய்ந்தது.

சம்பந்தம் செய்தாலே சண்டை தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மகள் எம்மாவை மணந்த பிரெஞ்சு மன்னர் பெயரும் லோத்தார்தான். அந்த மாப்பிள்ளை 978-ல் ஆகென் மீதே படையெடுத்தார். மைத்துனர் இரண்டாம் ஓட்டோவும் தியோபானுவும் ஓடித் தப்ப வேண்டியதாயிற்று. உறவு கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வருகிறவன் கையில் பூவா கத்தியா என்பது அவனவன் குணம். ஆனால் கதவு திறந்திருந்ததால்தான் ராராவில் ரத்தம் சிந்தாமல் காரியம் முடிந்தது.

991-ல் தியோபானு இறந்தபின், அறுபது வயதில் அடல்ஹைட் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று 994 வரை நடத்தினார். அவர் பெயரும் ஓட்டோவின் பெயரும் பொறித்த வெள்ளிக்காசுகள் இன்றும் புதையல்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. 999-ல் கடைசிப் பயணமாகப் பர்கண்டிக்குப் போனார். எதற்கு? அண்ணன் மகன் மூன்றாம் ருடால்ஃபுக்கும் அவனுடைய பிரபுக்களுக்கும் இருந்த தகராறைத் தீர்த்துவைக்க! அந்த டிசம்பரில், அல்சாஸ் பகுதியில் தாமே நிறுவிய செல்ட்ஸ் மடத்தில் கண்மூடினார். 1097-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1002-ல் பேரன் மூன்றாம் ஓட்டோ வாரிசின்றி இறந்தார். அடுத்து மன்னரானவர் யார் தெரியுமா? சண்டைக்கார ஹென்றிக்கும் கிசெலாவுக்கும் பிறந்த இரண்டாம் ஹென்றி. தந்தை பறிக்கப் பார்த்த முடி மகனுக்குத் தானாக வந்து சேர்ந்தது. ராராவில் போர் மூண்டு அந்தக் குடும்பம் அழிந்திருந்தால், ஜெர்மனியின் கதையே வேறு.

இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், பெண் எடுத்த இடம் எது, கொடுத்த இடம் எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் போர்களுக்கும், முக்கால்வாசிச் சமாதானங்களுக்கும் காரணம் அந்த ஓரக் குறிப்பில் கிடைக்கும்.