வாயு இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி

தலா 30 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தில் ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து அவை ஒன்றுசேர ஏறக்குறைய 6 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆனாலும் 2015 செப்டம்பர் 14 அன்று, 36, 29 சூரிய நிறைகள் கொண்ட ஒரு ஜோடி இணைந்ததை ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ கருவி பதிவு செய்தது. பிறகு இத்தகைய இணைவுகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அப்படியானால், இடைவெளியைச் சுருக்கும் வேறு ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். விண்மீன் மண்டலங்களின் மையத்தில் அதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன.

இரண்டுக்கும் மூலதனம் ஒன்றே: கூட்டம். கனமான பொருள் இலேசான விண்மீன்களிடையே நகரும்போது வேகம் இழந்து மையம் நோக்கி இறங்கும் என்பதை 1943இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டுக் காட்டினார். நம் பால்வெளியின் மையத்தில் சுமார் 40 லட்சம் சூரிய நிறை கொண்ட பெருங்கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றி ஏறத்தாழ மூன்று ஒளியாண்டுக்குள் கருந்துளையும் விண்மீனும் பிணைந்த, எக்ஸ் கதிர் வீசும் ஒரு டஜன் இரட்டைகளைக் கண்டதாகச் சார்லஸ் ஹெய்லி குழு 2018இல் அறிவித்தது. அந்த ஒரு டஜனுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கருந்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

முதல் வழி வாயு இல்லாத, அமைதியான மையத்துக்குரியது. இங்கே ஜோடியைப் பெருங்கருந்துளையே தூரத்திலிருந்து அசைக்கிறது. ஜோடியின் சுற்றுத்தளம் போதிய அளவு சாய்ந்திருந்தால், சுற்றுப்பாதையின் அளவு மாறாமலே அதன் வடிவம் மாறும். வட்டம் நீண்டு ஒடுங்கிய நீள்வட்டமாகும். சோவியத் நாட்டின் லிடோவ் செயற்கைக்கோள்களுக்கும், ஜப்பானின் கோசாய் சிறுகோள்களுக்கும் 1960களின் தொடக்கத்தில் கண்ட விளைவு இது. பாதை ஒடுங்கும்போது இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் மிக அருகே உரசிச் செல்லும். அந்தக் கணத்தில்தான் ஈர்ப்பலை பீறிடுகிறது. ஆனால் இது ஒரு பந்தயம். இங்கே விண்மீன்கள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் பறக்கின்றன. எஸ்2 என்ற விண்மீன் பெருங்கருந்துளையை நெருங்கும்போது 7,000 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. நெருக்கமாகப் பிணையாத ஜோடியை இத்தகைய வழிப்போக்கர்கள் பிரித்துவிடுவார்கள். பிரிவதற்குள் இணைந்தாக வேண்டும்.

இரண்டாவது வழி பெருங்கருந்துளையைச் சுற்றி வாயு வட்டு உள்ள மையத்துக்குரியது. இங்கே நிலைமை தலைகீழ். அங்கே புதைந்த கருந்துளைகள் வட்டின் ஓட்டத்தோடு ஒரே திசையில் செல்வதால், அவற்றுக்கிடையேயான வேகம் சிறிது. முன்பின் தெரியாத இரண்டுகூட ஜோடியாகப் பிடிபட முடியும். வாயுவின் இழுப்பு அவற்றை உள்நோக்கி நகர்த்தி, சில இடங்களில் தேங்கச் செய்யும் என்று கணிப்புகள் சொல்கின்றன. ஜோடியையும் வாயுதான் சுருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சற்று தயக்கம்: சில கணினிக் கணக்கீடுகளில் அதே வாயு ஜோடியை விலக்கவும் செய்கிறது.

அடையாளம் காண எளியது எது? முதல் வழி நீள்வட்டத் தன்மையைத் தடயமாக விட வேண்டும்; ஆனால் லைகோவின் செவிக்கு எட்டும் முன்பே பெரும்பாலான பாதைகள் வட்டமாகிவிடும். இரண்டாவதன் தடயம் நிறை. இணைந்து பிறந்த கருந்துளை ஈர்ப்பலைகளின் எதிர்விசையால் உதைபட்டுப் பறந்தாலும் பெருங்கருந்துளையின் ஆழமான ஈர்ப்புக்குழி அதை விடாது. வட்டில் தேங்கி அடுத்த ஜோடியையும் பிடிக்கும். 2019 மே 21 நிகழ்வில் இணைந்தவை சுமார் 85, 66 சூரிய நிறைகள். ஒற்றை விண்மீன் இறந்து 85ஐத் தருவது கடினம் என்பதால் அது இரண்டாம் தலைமுறையாக இருக்கலாம் என்ற வாதத்தில் வலு உண்டு. ஆனால் அமைதியான மையத்திலும் அதே ஈர்ப்புக்குழி இருக்கிறது, ஆகவே நிறை மட்டும் தீர்ப்பாகாது. அதன்பின் ஒரு குவேசாரில், அதாவது வாயு வட்டு ஒளிரும் ஒரு மையத்தில், தெரிந்த ஒளிப்பெருக்கை இதோடு இணைத்ததை நான் ஏற்கவில்லை. நிகழ்வின் இடம் வானில் மிகப் பரந்த பகுதிக்குள் மட்டுமே தெரிந்தது. குவேசார்கள் தாமாகவே மினுங்குபவை.

இவ்வளவு பிரித்துப் பேசினாலும், இரண்டும் வெவ்வேறு மண்டலங்களுக்குரியவை அல்ல. இன்று அமைதியாக இருக்கும் பால்வெளியின் மையத்தைச் சுற்றி, சில பத்து லட்சம் ஆண்டுகளே வயதான விண்மீன்கள் ஒரு வட்டாக அமைந்து சுழல்கின்றன. அவை அங்கிருந்த வாயு வட்டொன்றில் பிறந்தவை என்பதே பரவலான கருத்து. அந்த வாயு இருந்தபோது அங்கு ஏற்கெனவே இறங்கியிருந்த கருந்துளைகள் அதனூடே கடந்திருக்கும். இப்போது அவையே பெருங்கருந்துளையின் அசைப்புக்கு ஆளாகி நிற்கின்றன.