பட்டணத்தில் யார் எதைக் கற்றார்கள்?

மலர்க் குழுவில் இருக்கும் இளைய நண்பர் போன் செய்து, "சார், சரித்திரம் படிச்சவர் நீங்க, ஒரு கட்டுரை குடுங்க. ஆனா ராஜா, ராணி, யுத்தம் எல்லாம் வேணாம்" என்றார். ரொம்ப சந்தோஷம். ராஜாக்களை விட்டுவிடுகிறேன். சோறு வடிப்பது, சட்டைக்குப் பட்டன் தைப்பது, சைக்கிள் விடுவது, பேங்கில் செலான் எழுதுவது, தண்ணீரில் விழுந்தால் நீந்திக் கரையேறுவது ஆகிய அன்றாடக் காரியங்களில் சென்னைப் பட்டணத்து ஆண் எதைக் கற்றான், பெண் எதைக் கற்றாள், ஏன் அப்படி என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கும் சரித்திரம் உண்டு. கல்வெட்டுதான் கிடையாது.

1974ல் நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தபோது எங்கள் செட்டில் பாதிப் பேர் வெளியூர். ஹாஸ்டலில் இடம் கிடைக்காதவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒண்டிக்கொண்டார்கள். ஒரு ரூமில் மூன்று பேர், கொடியில் தொங்கும் ஈர பனியன், ஜன்னலில் ஒரு கண்ணாடி. அந்த வாழ்க்கையை அனுபவித்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சாப்பாட்டுக்கு மெஸ், துணிக்கு லாண்டரி, பட்டன் அறுந்தால் தெருமுனைத் தையல்காரர். ஊரில் அம்மாவோ அக்காவோ சும்மா செய்துகொடுத்த அத்தனை வேலைக்கும் இங்கே தெருவுக்கு ஒரு கடை இருந்தது. அதனால் ஐந்து வருஷம் தனியாக இருந்தவனும் ஒரு டம்ளர் காப்பி போடத் தெரியாமலே ஊர் திரும்பினான்.

ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த மெஸ்ஸில் சமைத்தவர் ஆண், பரிமாறியவர் ஆண், பாத்திரம் தேய்த்த பையனும் ஆண். லாண்டரியிலும் தையல் கடையிலும் பெரும்பாலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கோஷ்டி முழுக்க ஆண்கள். நல்ல சமையலுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே நளபாகம். அதற்கு அடுத்தபடி பீமபாகம். தமயந்தி பாகம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியானால் கரண்டி ஆண் கைக்கு வராத கருவி என்று சொல்ல முடியாது. கூலி உண்டென்றால் ஆணின் தொழில், கூலி இல்லையென்றால் பெண்ணின் கடமை. பட்டணத்து வேலைப் பிரிவினையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆட்சேபிப்பவர்கள் ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாதபோது ஆண்கள் எவ்வளவு சீக்கிரம் கற்றார்கள் என்பதற்கு 1942 ஒரு சாட்சி. அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே காலியானது. பெண்டு பிள்ளைகளை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, உத்தியோகத்தை விட முடியாதவர்கள் மட்டும் தங்கினார்கள். என் தாத்தா அப்படித் தங்கியவர். ஹோட்டல்களும் மூடிக்கிடந்த அந்த வாரங்களில், கரி அடுப்பில் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். "பாட்டி வந்ததும் கரண்டியைக் குடுத்துட்டேன்டா" என்பார். அதை ஏதோ அரசாங்க சார்ஜை ஒப்படைத்த மாதிரிதான் சொல்வார். பிறகு அவர் அடுப்படிப் பக்கம் போனதை நான் பார்த்ததில்லை. கற்றது மறந்திருக்காது, அவசியம் போய்விட்டது.

பெண்ணுக்குச் சமையல் பிறவியிலேயே வரும் என்ற நம்பிக்கைக்கும் பட்டணம் ஒரு அடி கொடுத்தது. மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951ல் வெளிவந்தது. தமிழ் வீடுகளில் அந்தப் புத்தகம் பெற்ற இடத்தைச் சொல்லத் தேவையில்லை. கல்யாணமாகி டில்லிக்கும் பம்பாய்க்கும் போன பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அது இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வந்த வித்தைக்கு, தனிக் குடித்தனத்தில் ஒரு புத்தகம் தேவைப்பட்டது. கண் திட்டமாக இருந்த உப்பும் புளியும் அளவோடு அச்சில் ஏறின. பிறவி ஞானத்துக்கு அளவு எழுதிக்கொடுக்க வேண்டியதில்லையே! ஆக, அதுவும் கற்ற வித்தைதான். யார் கற்க வேண்டும் என்பது மட்டும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

பெண்ணின் சமையலுக்குப் பெரிய அளவில் அரசாங்கச் சம்பளம் வந்தது 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது. குழந்தைகளுக்குச் சோறு கிடைத்ததைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், அதில் பல விதவைகள், அதுவரை சம்பளமில்லாமல் செய்த அதே வேலைக்கு முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்கள் என்பதும் அதே அளவு பெரிய விஷயம். 2013ல் சென்னையில் வந்த அம்மா உணவகங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள்தான் சமைத்தன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். மேன்ஷன் பையன்களுக்கு இட்லி அவித்துப் போட்ட கை மாறியது இப்படித்தான்.

கையெழுத்து என்றதும் என் பெரியம்மா ஞாபகம் வருகிறது. மாம்பலத்தில் எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தை ஓட்டியவர். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, தெருப் பெண்களோடு சீட்டுக் கணக்கு எல்லாம் வாய்க்கணக்காகவே போடுவார். ஒன்றரை வட்டிக்குப் பத்து மாசம் எவ்வளவு என்று கேட்டால் நான் பேனாவைத் திறப்பதற்குள் பதில் வரும். 1986ல் பெரியப்பா காலமானார். அரசு குமாஸ்தா, ஃபேமிலி பென்ஷன் உண்டு. அதை வாங்க பேங்குக்குப் போக வேண்டும். பெரியம்மா அதுவரை ஒரு பேங்கின் படி ஏறியதில்லை. கவுண்டரில் இருந்தவர் செலானை நீட்டிவிட்டு, "கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார். பின்னால் நின்ற நான் முன்னே வந்தேன். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "நீ எழுதாதே. எங்கே என்ன எழுதணும்னு சொல்லு, நான் எழுதறேன்" என்றார். எண்ணிக்கையை அவர் எழுத்தால் எழுதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மூன்று மாதத்தில் தெருவில் மற்றப் பெண்களுக்கும் அவர்தான் செலான் எழுதிக்கொடுத்தார்.

அவருக்கு இல்லாதது கணக்கு அறிவா? இல்லவே இல்லை. இடம் பழகவில்லை. 1969 ஜூலையில் 14 பேங்குகள் நாட்டுடைமை ஆனபின் கிளைகள் தெருத்தெருவாக வந்தன. ஆனாலும் மாம்பலம் போன்ற இடத்தில் கூட ஒரு குடும்பத் தலைவி அதில் நுழைய இன்னொரு பதினேழு வருஷமும் ஒரு சாவும் தேவைப்பட்டன. 1989ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு கொடுத்தார்கள். அன்று கல்யாணமாகாதிருந்த பெண்களுக்குத்தான் அது. பங்கு வந்தாலும் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடப் பழகினால்தானே அது கையில் நிற்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் நேராக விழுந்தது. ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோது பெரியம்மாவின் பத்து நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.

அதே தெருவில் மனைவியை இழந்த ஒரு பெரியவரும் இருந்தார். பெரிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டு வேளையும் ஹோட்டல் சாப்பாடு. சர்க்கரை வியாதிக்காரருக்கு அது எங்கே ஒத்துக்கொள்ளும்? இரண்டு வருஷத்தில் போய்விட்டார். டாக்டர் ஆயிரம் காரணம் சொல்லலாம். பெரியம்மா சொன்னது ஒன்றுதான்: "ஒரு ரசம் வைக்கத் தெரிஞ்சிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்."

சைக்கிள் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கிவிடுகிறேன். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949ல் ஆரம்பமானது. தொழிற்சாலை நம் வாசலிலேயே இருந்தும், எங்கள் காலத்தில் சைக்கிளில் வரும் கல்லூரிப் பெண்ணை ரோடே திரும்பிப் பார்த்தது. இந்த விஷயத்தில் பட்டணத்துக்கு வழி காட்டியது புதுக்கோட்டை. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். குவாரியில் கல் உடைத்த பெண்கள் ஓட்டப் பழகினார்கள். 1993ல் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் வசந்தகுமாரி அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மதராஸ் நாகரிகம் என்று நாம் பீற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு காரியமும் ஜில்லாக்களில்தான் நடந்தன. ஸ்கூட்டியும் ஆக்டிவாவும் வந்த பிறகே சென்னைப் பெண் தனக்கென்று ஒரு வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

நீச்சலைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. கிணறும் குளமும் இருந்த ஊர்களில் சிறுமிகளுக்கும் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்கியது உண்டு. பட்டணத்தில் கிணற்றுக்கு வலை போட்டோம், பிறகு மூடியே விட்டோம். பையன்கள் எப்படியோ பழகினார்கள். பெண் பிள்ளை எங்கே போவாள், எந்த உடையில் இறங்குவாள்? கடற்கரைக் குப்பங்களிலும் கடலுக்குப் போனவர்கள் ஆண்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து மூன்று மாதத்தில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கையில் கடலூர்க் கணக்கு இருக்கிறது: இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. நாகப்பட்டினத்தில் பெண்கள் 2406, ஆண்கள் 1883. நீச்சல் தெரியாதது மட்டும் காரணமல்ல. நடுக்கடலில் படகில் இருந்தவர்களுக்கு அலை அவ்வளவாகத் தெரியவில்லை. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றிய புடவை. ஆனாலும் நீந்தவும் மரமேறவும் பழகியவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. வாழ்க்கைத் திறன் என்று இப்போது பள்ளிக்கூடங்களில் ஒரு வார்த்தை சொல்கிறார்களே, அதை நான் படிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த எண்கள்தான் கண்முன் வருகின்றன.

"அதெல்லாம் பழைய கதை சார், இப்போ நாங்க எல்லாம் மாறிட்டோம்" என்று இன்றைய மாணவர்கள் சொல்வீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறீர்கள். 2020 ஊரடங்கில் மெஸ்கள் மூடியபோது பல பையன்கள் குக்கர் விசில் எண்ணக் கற்றார்கள், என் தாத்தா மாதிரியே. ஆனால் 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் ஒரு நாளில் வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 79 பேர். ஆண்கள் 23 பேர் கூட முழுசாக இல்லை. செய்தவர்களிலும் பெண்கள் சராசரி 293 நிமிஷம், ஆண்கள் 94. நாடு முழுவதற்குமான 2024 கணக்கில் பெண்கள் 289, ஆண்கள் 88. மிக்ஸியும் கிரைண்டரும் வந்து யார் வேலையைக் குறைத்தன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வரலாறு, எனக்குக் கணக்கு வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சரித்திரத்துக்கு ஆவணக் காப்பகத்தில் தஸ்தாவேஜு அதிகம் கிடையாது. அது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பாட்டியின் கையெழுத்துச் சமையல் நோட்டு, எண்ணெய்க் கறையோடு. அம்மாவின் முதல் பாஸ்புக். அத்தையின் டைப்ரைட்டிங் லோயர் சர்டிபிகேட். தாத்தாவின் மெஸ் டோக்கன். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்குமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காப்பி கொடுத்தால் போதும். வீட்டு ஆண்கள் போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை.