கடல்முயலும் செரட்டோனினும்

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின், அச்சத்தையும் கற்றலையும் எப்படிப் பிணைக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய விலங்கு கடல்முயல். கலிபோர்னியக் கடலோரத்தில் வாழும் பெரிய கடல்நத்தை இது. இதற்கு ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உண்டு. சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. வியன்னாவில் பிறந்த அமெரிக்க ஆய்வாளர் எரிக் கேண்டல் 1960களில் இதைத் தேர்ந்தபோது, நத்தையிடம் போயா நினைவைத் தேடுவது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

நீர்க்குழலை மெல்லத் தொட்டால் கடல்முயல் செவுளை லேசாக உள்ளிழுக்கும். வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தபின் அதே மெல்லிய தொடுகைக்கும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், சூடுபட்ட பூனைதான். அதிர்ச்சியின்போது சுரக்கும் செரட்டோனின், தொடுவுணர் நரம்பணுவில் சுழல் ஏஎம்பி என்னும் மூலக்கூறைப் பெருக்குகிறது. அதனால் பொட்டாசியம் வாயில்கள் சில மூடிக்கொள்ள, நரம்பு முனையிலிருந்து குளூட்டமேட் என்னும் செய்திகடத்தி கூடுதலாக வெளிப்படுகிறது. இந்த விளைவு சில நிமிடங்களில் தணியும். இடைவெளிவிட்டு நான்கைந்து முறை அதிர்ச்சி தந்தாலோ கதை வேறு: கிரெப் என்னும் புரதம் மரபணுக்களை இயக்கி, புதிய நரம்பிணைப்புகளே முளைக்கின்றன, நினைவு நாள்கணக்கில் நிற்கிறது.

இதற்காக 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, டோபமின் ஆய்வாளர்களான ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்டு ஆகியோருடன் கேண்டல் பகிர்ந்துகொண்டார். நத்தையின் இந்த மிகைவிழிப்பை ‘பயம்’ என்றே அழைக்கலாமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.