கொள்ளையரா, காவலரா?

ஒரு நிறுவனத்தில் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொண்டு, "நிர்வாகம் சரியில்லை, மாற்றுங்கள்" என்று போர்க்கொடி தூக்கும் முதலீட்டாளர் நல்லவரா, கெட்டவரா? அரங்கில் எழுந்த கேள்வி இது. காலத்துக்குக் காலம் பதில் மாறியிருக்கிறது.

1926ஆம் ஆண்டு. நார்தர்ன் பைப்லைன் என்ற அமெரிக்க எண்ணெய்க்குழாய் நிறுவனம், தொழிலுக்குத் தேவையில்லாத பெரும் பணத்தை ரயில்வே கடன்பத்திரங்களில் போட்டு வைத்திருந்தது. பெஞ்சமின் கிரஹாம் என்ற இளைஞர் அதைக் கண்டுபிடித்தார். "பணம் பங்குதாரர்களுடையது, திருப்பிக் கொடுங்கள்" என்றார். 1927 பொதுக்கூட்டத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆளில்லை. அவர் ஓயவில்லை. மறு ஆண்டு மற்ற பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டி, இயக்குநர் வாரியத்தில் இரண்டு இடங்களைப் பிடித்தார். பணமும் திரும்பி வந்தது.

1980களில் கதை தலைகீழானது. 1985இல் கார்ல் ஐகான் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தைக் கைப்பற்றினார். சம்பளக் குறைப்பை எதிர்த்து 1986இல் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தனர். 1988இல் அவர் போட்ட பணத்தை மீட்டுக்கொண்டார். கடன் சுமை நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 1992இல் அது திவால் பாதுகாப்பு கோரியது. "நிறுவனக் கொள்ளையர்" என்ற பட்டம் இத்தகையோருக்கு நிலைத்தது.

அதே ஐகானின் படத்தை 2013இல் டைம் சஞ்சிகை அட்டையில் வெளியிட்டது. 2021இல், வெறும் 0.02 விழுக்காடு பங்கு வைத்திருந்த எஞ்சின் நம்பர் 1, எக்ஸான் மோபில் வாரியத்தில் மூன்று இடங்களை வென்றது. ஓய்வூதிய நிதிகளும் பெரிய முதலீட்டு நிறுவனங்களும் அதற்கு வாக்களித்தன. பொதுமக்களின் சேமிப்பு பங்குச் சந்தைக்கு வந்த பிறகு, கேள்வி கேட்பவருக்குத் துணையும் மரியாதையும் கூடின.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவித்தவற்றில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. அந்த நிதியில் இருப்பது நம் வியர்வைப் பணம்.

ஆகவே, பட்டத்தைப் பார்த்து ஒருவரை எடை போட வேண்டாம். அவர் விலகிய பிறகு நிறுவனத்தில் மிஞ்சியது என்ன? கடனா, பலமா? தொழிலாளியும் சந்தாதாரரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.