ஒண்டாச்சி குடும்பத்தின் முதல்வர்: தேவாலயப் பதிவேடும் வீட்டு நினைவும்

இலங்கையில் ஒல்லாந்து மூதாதையைத் தேடிப் புறப்படுபவர் கைக்கு முதலில் கிடைப்பது வீட்டிலுள்ள பழைய வேதாகமம். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அதன் முன்பக்கத்தில் எழுதிவைப்பது பறங்கியர் குடும்பங்களின் வழக்கம். அடுத்தது தேவாலயப் பதிவேடு. வீட்டில் சொல்லப்படும் கதையை இவற்றோடு ஒப்பிட்டால் என்ன நேர்கிறது என்பதற்கு ஒண்டாச்சி குடும்பம் நல்ல சான்று.

எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட 'ரன்னிங் இன் த ஃபேமிலி' என்ற நூலில் தம் குடும்பக் கதையைச் சொல்கிறார். அதன்படி, 1600இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் ஒருவர் ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினார். நிலமும் அயல்நாட்டு மனைவியும் ஒல்லாந்து எழுத்துமுறையில் அமைந்த பெயரும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன. குடும்பத்தின் வம்சாவளிக் குறிப்புகளோ வேறுவிதமாகக் கூறுகின்றன: தஞ்சாவூரிலிருந்து மைக்கேல் யூர்கன் என்னும் தமிழ் வைத்தியர் 1659இல் கொழும்புக்கு வந்தார், அவர் குணப்படுத்தியது ஆளுநரின் மனைவியை, மணந்தது மக்தலேனா டி குரூஸ் என்பவரை.

இவற்றில் 1600 என்ற ஆண்டு நிற்காது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட்டதே 1602இல்தான். ஒல்லாந்துக் கப்பற்தலைவர் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். கொழும்பு 1656 மே மாதம்வரை போர்த்துக்கீசர் வசம் இருந்தது. ஆகவே 1600இல் அங்கே ஒல்லாந்து ஆளுநர் இருந்திருக்க வழியில்லை. 1659 நன்றாகப் பொருந்துகிறது. முந்தைய ஆண்டு, 1658இல், யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அடுத்தடுத்து ஒல்லாந்தர் கைக்கு வந்தன. தஞ்சை நாட்டுத் துறைமுகமும் கொழும்பும் ஒரே கம்பனியின் கீழ் வந்த மறு ஆண்டில் தஞ்சை வைத்தியர் ஒருவர் கடல் கடந்து வந்தார் என்பதில் வியப்பில்லை. அப்போதைய ஆளுநர் ஆட்ரியன் வான் டெர் மெய்டன். மனைவியா மகளா என்பதைவிட இந்த ஆண்டுப் பொருத்தமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு நினைவு நிகழ்ச்சியைக் காப்பாற்றியது, காலத்தைத் தவறவிட்டது.

மக்தலேனா டி குரூஸ் யார்? பெயரை வைத்துப் போர்த்துக்கீசப் பெண் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது போதாது. போர்த்துக்கீசர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற தமிழரும் சிங்களவரும் டி குரூஸ், டி கோஸ்தா போன்ற பெயர்களை ஏற்றிருந்தார்கள். ஒல்லாந்தர் அந்தப் பங்குகளையும் பள்ளிகளையும் அப்படியே கைப்பற்றித் தங்கள் சீர்திருத்தத் திருச்சபைக்கு மாற்றினார்கள். பள்ளி உபாத்தியாயர்களிடம் தோம்பு எனப்பட்ட பதிவேட்டை எழுதும் பொறுப்பு இருந்தது. ஊராரின் ஞானஸ்நானமும் திருமணமும் அதில் பதிவாயின. வாரிசுரிமைக்கும் உத்தியோகத்துக்கும் அந்தப் பதிவு வேண்டியிருந்ததால், மனத்தளவில் சைவராகவோ பௌத்தராகவோ கத்தோலிக்கராகவோ இருந்தவர்களும் அதில் இடம்பெற்றார்கள். தேவாலய ஏட்டில் ஒருவர் பெயர் இருப்பது அவர் ஒல்லாந்தர் என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் அதே ஏட்டில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவில் தேதி, குழந்தையின் பெயர், தந்தையின் பெயர் என்பவற்றோடு தாயின் பெயரும் வரும். மணமான பின்னும் பெண்கள் தம் பிறந்தவீட்டுப் பெயராலேயே எழுதப்பட்டார்கள். அதற்கடுத்துச் சாட்சிகள். இவர்கள் பெரும்பாலும் பாட்டன், பாட்டி, மாமன், அத்தை என உறவினராகவே இருப்பார்கள். குழந்தைக்குப் பாட்டன் பாட்டி பெயரை வைக்கும் வழக்கமும் இருந்ததால், சாட்சியின் பெயரும் குழந்தையின் பெயரும் ஒன்றாக வரும் இடத்தில் ஆய்வாளர் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை மேலே ஏறுவதற்கான வழி அங்கேதான் திறக்கும். கம்பனியின் கப்பற் சம்பளப் பேரேடுகள் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆண்களின் சொந்த ஊரையும் பதவியையும் கடனையும் சொல்லும். அவர்கள் இங்கே மணந்த பெண்களைத் தெரிந்துகொள்ளத் தேவாலய ஏட்டுக்குத்தான் வரவேண்டும்.

தாயின் பிறந்தவீட்டுப் பெயர் நிலைத்திருப்பதற்கு ஒண்டாச்சி குடும்பத்திலேயே அழகான எடுத்துக்காட்டு உண்டு. வைத்தியரின் வழிவந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்துக்குப் போய் இறையியல் படித்துக் கொழும்பில் போதகரானார். அவர் மனைவி ஹெர்மினா குவிண்ட், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவர். 1758இல் கொழும்பில் பிறந்த இவர்கள் மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவிண்ட் ஒண்டாச்சி. தாயின் குடும்பப் பெயர் மகனின் பெயருக்குள் இருக்கிறது. வரலாற்று நூல்கள் அவரைக் குவிண்ட் ஒண்டாச்சி என்றே அழைக்கின்றன. 1780களில் உட்ரெக்ட் நகரில் குடியாட்சி கோரிய தேசாபிமானிகள் கட்சியின் முன்னணித் தலைவராக விளங்கினார். 1787இல் பிரஷ்யப் படை அந்த இயக்கத்தை ஒடுக்கியபோது நாட்டைவிட்டு வெளியேறினார். 1818இல் பத்தாவியாவில் காலமானார். தஞ்சை வைத்தியர் கொழும்பில் இறங்கி நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறந்த பிள்ளை, ஒல்லாந்தின் சொந்த அரசியலில் இடம்பிடித்துவிட்டார்.

பிற்காலத்தில் தேடலின் போக்கு மாறியது. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டது. அதன் நிறுவனர் ஆர். ஜி. அந்தோனிஸ் அரசு ஆவணக் காப்பாளராக இருந்தவர். ஏடுகளை நேரில் அறிந்தவர். அந்த உழைப்பு இல்லையேல் பல குடும்பங்களின் தொடர்ச்சி இன்று தெரியாது. எனினும் உறுப்புரிமைக்கு ஆண்வழி ஒல்லாந்து வம்சமே அளவுகோலானதால், தேடுவோரின் கவனம் தந்தையின் கிளையிலேயே நின்றது. கப்பலில் வந்த ஒருவரோடு வம்சம் தொடங்குகிறது என்ற எண்ணம் வேரூன்றியது. கப்பலில் வந்தவருக்கு இந்த மண்ணில் வாய்த்த மாமியார், மைத்துனர் எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

யாழ்ப்பாணக் கோட்டையில் 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்துத் தேவாலயம் போரில் அழிந்துபோனது. எஞ்சிய சான்றுகளில் பல இன்னும் தனியார் வீடுகளிலேயே இருக்கின்றன. பழைய வேதாகமம் வைத்திருப்பவர்கள் அதன் எழுதப்பட்ட பக்கங்களைப் படமெடுத்து, அதில் வரும் பெண்களின் பெயர்களை முழுமையாகப் பெயர்த்தெழுதி, ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவைக்க வேண்டும்.