பதிவு மூப்பும் தன்தேர்வும்: சிறுசேரியை முன்வைத்துத் தொழில்நெறி வழிகாட்டல்

தொழில்தேர்வு ஒருநாளில் முடிந்துவிடுவதன்று, வாழ்நாளெல்லாம் வளர்வது என்று உளவியலாளர் டொனால்ட் சூப்பர் அமெரிக்காவில் கோட்பாடு வகுத்தது 1953இல். அதே ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மணிநேரம் வகுப்பு. மீதிநேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. உனக்கேற்ற தொழில் எது என்ற கேள்விக்குச் சாதி முன்கூட்டியே விடை எழுதிவைத்திருந்த மண் இது. அதனால் இங்கே தொழில்நெறி வழிகாட்டல் உளவியலாகத் தொடங்கவில்லை, நீதிக் கேள்வியாகத் தொடங்கியது.

மேலைக் கோட்பாட்டின் பாதை வேறு. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் ஆளையும் வேலையையும் அறிந்து பொருத்திப் பார்க்கச் சொன்னார். 1959இல் ஜான் ஹாலண்ட் மனிதரையும் பணிச்சூழலையும் ஆறு வகையாக்கினார். 2009இல் மார்க் சாவிக்கஸும் உடன் ஆய்வாளர்களும் வாழ்க்கையை அவரவரே வடிவமைத்துக்கொள்வதைப் பற்றி எழுதினார்கள். பொறுப்பு படிப்படியாகத் தனிமனிதர் தோளுக்கு நகர்ந்ததை இந்த வரிசையில் காணலாம்.

நம் கொள்கை பதிவேட்டிலிருந்து பிறந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1956இல் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தன. காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொன்ன 1959ஆம் ஆண்டுச் சட்டம், அந்த அலுவலகம் வழியாகத்தான் ஆளெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயினும் “எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சா?” என்ற கேள்வி நம் வீடுகளில் இரண்டு தலைமுறை நிலைத்தது. பதிவு மூப்புக்குச் சிபாரிசு தேவையில்லை. பதிந்த தேதி போதும். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபும் அப்படித்தான்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கலந்தாய்வு நாளில் தகப்பனும் மகளும் கணினி முன் அமர்ந்து, சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் மூடியது என்று பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். அவளுக்கு எதில் விருப்பம் என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. அது குறைதான். ஆனால் அந்த எண் அவளுடைய ஊரையும் தெருவையும் கேட்பதில்லை என்பதை மறந்து இம்முறையைப் பழிப்பது தவறு.

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா பார்சன்ஸின் பொருத்தக் கோட்பாட்டை உடைத்துவிட்டது. மெக்கானிக்கல் படித்தவரும் சிவில் படித்தவரும் இங்கே பயிற்சி பெற்று மென்பொருள் எழுதுகிறார்கள். பாடப்பிரிவு தொழிலைத் தீர்மானிப்பதில்லை. பதிவு மூப்புக்கும் இந்த வாயிலில் வேலையில்லை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்த இடைவெளியைச் சரியாகவே கண்டுகொண்டது. பள்ளியிலேயே உயர்கல்வி வழிகாட்டல், கல்லூரியில் திறன் பயிற்சி என்று அது செய்வது மதிக்கத்தக்க பணி. என் மறுப்பு ஒன்றுதான்: அதன் கவனம் வேலைக்குள் நுழைவதிலேயே குவிந்திருக்கிறது.

சிறுசேரியில் பெரிய வளாகம் கொண்ட டிசிஎஸ் நிறுவனம், உலகளவில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். நாற்பது வயதில் வீட்டுக்கடனோடு நிற்பவரிடம் உன் வாழ்க்கையை நீயே வடிவமைத்துக்கொள் என்பது வழிகாட்டல் ஆகாது. இதே பூங்காவில் ஒப்பந்தத்தில் காவல் காப்பவரும், துப்புரவு செய்பவரும், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவரும் எந்தத் திட்டத்தின் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. சூப்பரின் வாழ்நாள் பார்வை உண்மையென்றால் அது இவர்களுக்கும் உண்மை.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் காலியிடங்களைத் தெரிவிக்கும் கடமையை விட்டுவிடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் கிளை ஒன்றை அரசு சிறுசேரிப் பூங்காவுக்குள்ளேயே திறக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக இரவிலும் அது திறந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அது பதிவு செய்துகொள்ள வேண்டும்.