செங்கல் விற்றவரும் வீடு இழந்தவரும்

பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் அறுக்கும் களம் என்று பொருள். துன் சம்பந்தன் சாலையில் நடந்து போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரின் காரணத்தைக் கேட்டிருப்பார்கள்? அடுத்தடுத்து வந்த இரண்டு பேரிடர்களோடு சேர்ந்த பெயர் அது.

1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. (கிள்ளான்காரர்களுக்கு அதில் இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.) அன்றைய கோலாலம்பூரில் மரச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக வீடுகள் நெருக்கியடித்து நின்றன. 1881 ஜனவரியில் தீப்பிடித்து ஊர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மீதியையும் கொண்டுபோனது. 1882இல் ரெசிடெண்ட் பதவிக்கு வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவதைச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று நெருக்கினார். ஊர் மெல்ல மெல்ல மாறியது.

அந்தச் செங்கல்லுக்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் காப்பிட்டான் யாப் ஆ லோய். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் அழிந்த ஊரை ஏற்கெனவே ஒருமுறை எழுப்பியவர் அவர். மற்றவர்கள் கைவிட்டுப் போயிருக்கக்கூடிய இடத்தில் நின்று காட்டினார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வியாபாரிகளாகிய நம் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஊருக்குத் தலைவர் அவரே, நகர மனைகளில் பெரும்பங்குக்கு உரிமையாளர் அவரே, சூளையும் அவருடையது. செங்கல் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்ன நாளில், செங்கல் விற்பவருக்கு வேறு போக்கில்லாத வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டார்கள். பேரிடருக்குப் பிறகு கடை திறக்கிற எவருக்கும், அன்றும் இன்றும், இதே வாய்ப்பு வருகிறது. வீடு இழந்தவர் பேரம் பேசும் நிலையில் இருக்கமாட்டார். சரக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அவருக்குத் தெரியாது.

உள்ளே இருப்பது தெரியாமல் போனதால் நேர்ந்த கொடுமையை உலு கிள்ளானில் பார்த்தோம். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 உயிர்கள் போயின. 2000இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தால், மழையையும் மலையையும் மட்டும் குறை சொல்ல முடியாது என்பது விளங்கும். வரைபடம் போட்டவருக்கு அந்த அளவுக் கட்டடத்துக்கான தகுதி இல்லை. வடிகால் வேலையில் ஒரு பகுதிதான் நடந்திருந்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டதாகப் பொறியாளர் உறுதி கொடுத்திருந்தார். ஒரு கையெழுத்துதான். குடிவந்தவர்கள் அதை நம்பித்தான் வீடு வாங்கினார்கள். பின்னர் 2006இல், ஊராட்சி மன்றம் சட்டப்படி இழப்பீடு தரத் தேவையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த செய்தியை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா, மக்கள் பார்த்திருப்பார்களே என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. மறைத்ததுதான் குற்றம்.

நம் சங்கத்தைத் தொடங்கிய தலைமுறை 1971 ஜனவரி வெள்ளத்தைக் கண்டது. அதற்குப் பின் ஆற்றுக்கு எத்தனையோ வேலைகள் நடந்தன. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கமும் வந்தது. என்றாலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாமும் அரிசி, பாய், துடைப்பத்தோடு போனோம். பெரிய சோதனை வந்தது அதற்குப் பிறகுதான், நம் கடைகளுக்குள். நாட்டில் அந்த வெள்ளத்தின் சேதம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அந்தச் சேதத்தில் வீடுகள் மட்டுமல்ல, விற்கக் காத்திருந்த சரக்குகளும் உண்டு.

நனைந்த மின் பிரேக்கரைத் துடைத்தால் புதிது போலவே இருக்கும். ஆனால் மின்கசிவு வரும் நேரத்தில் அது விழுமா விழாதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டுப்பலகை காய்ந்துவிடும், பசை விட்டிருக்கும். அடி வரிசைச் சிமெண்டு மூட்டை வெளியே சரியாகவே தெரியும். இப்படிப்பட்ட சரக்கைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போய் வேறு ஊரில் விற்க ஆட்கள் வந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பழைய கார்ச் சந்தைக்கு வருகின்றன என்ற எச்சரிக்கையும் அப்போது நாடெங்கும் இருந்தது.

கிள்ளானில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார். “வெள்ளத்தில் நனைந்தது” என்று தமிழிலும் மலாயிலும் அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். தரை ஓடுகளும் வாளிகளும் பாதி விலைக்குப் போயின. பிரேக்கர்களைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார், யாரும் பொறுக்கிப் போய் மாட்டிவிடக் கூடாது என்று. இறுகிப்போன சிமெண்டு மூட்டைகள் நோன்பு வரை பின்கட்டில் கிடந்தன.